புவிண்டி கொரில்லா நடை: லேசான சளி இருந்தால் விடுவார்களா?

குன்றேறி · 9.3.2025, மாலை 6.12

ஏப்ரல் 24 அன்று உகாண்டாவின் புவிண்டி காட்டில் கொரில்லா பார்க்கப் பெர்மிட் எடுத்திருக்கிறேன். ருஷாகா பகுதி. 800 டாலர் கட்டியாயிற்று. வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூன்று முறை ஏறியவன், ஆகவே நடைக்குப் பயமில்லை. ஒரே ஒரு சந்தேகம். சளி, காய்ச்சல் இருந்தால் காட்டுக்குள் விடமாட்டார்கள் என்று படித்தேன். லேசான மூக்கொழுகல் என்றாலுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பதையும்.

சிறுவாணி · 9.3.2025, இரவு 10.05

ஜனவரியில் போய்வந்தேன், அதே ருஷாகாவுக்கு.

முதலில் மழை. ஏப்ரல் அங்கே மழைக்காலத்தின் நடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இவைதாம் காய்ந்த மாதங்கள். அந்தக் காய்ந்த ஜனவரியிலேயே இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. பணம் கட்டிவிட்டீர்கள், இனி நனைய வேண்டியதுதான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அந்த அட்டை செல்லும். கோவையிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். அட்டையை என்டெபியில் இறங்கும்போது மட்டுமல்ல, திரும்பிவரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பாமல் தனியே வைத்துவிடுவார்கள்.

டாலர் நோட்டு 2009க்குப் பிறகு அச்சானதாக இருக்கட்டும். மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் அங்கே கையில் தொடவே மாட்டார்கள்.

வெள்ளியங்கிரியை மறந்துவிடுங்கள். அங்கே படி இருக்கிறது, பாதை இருக்கிறது, முன்னால் ஆயிரம் பேர் போயிருக்கிறார்கள். இது வேறு.

சளி விஷயம் பிறகு எழுதுகிறேன்.

சிறுவாணி · 10.3.2025, காலை 5.50

நேற்று எழுதிய அட்டை தடுப்பூசி அட்டை. இரத்தம் குடிக்கும் அட்டையைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கவலையோடு கேட்டிருக்கிறார்.

எனக்கும் அந்தக் கவலை இருந்தது. வால்பாறையில் ஒரு ஜூலை மாதம் பதினோரு அட்டை கடித்த கால் என்னுடையது. அரைக் கிலோ கல்லுப்பும் ஒரு டப்பா மூக்குப்பொடியும் கட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனேன். நடந்த நாள் முழுவதும் ஒன்றுகூட ஏறவில்லை. உப்பு கம்பாலாவில் என் தம்பி வீட்டு ரசத்துக்குப் பயன்பட்டது. மூக்குப்பொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவன் இன்னும் யோசிக்கிறான்.

அங்கே தொல்லை எறும்பு. பாதையின் குறுக்கே கறுப்புக் கயிறு போல ஓடும் படையெறும்பு. வழிகாட்டி “ஓடுங்கள், நிற்காதீர்கள்” என்று சொன்ன இடத்தில் நான் நின்று குனிந்து பார்த்தேன். அடுத்த அரை நிமிடத்தில் முழங்காலுக்கு மேல் நான்கு இடத்தில் கவ்வியது. பிடித்து இழுத்தால் உடல் வந்துவிடும், தலை சதையிலேயே நிற்கும். பேண்டின் கால்களைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். அங்கே எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

சிறுவாணி · 12.3.2025, இரவு 9.30

நடையைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கம்பாலாவிலிருந்து ருஷாகாவுக்கு ஒரு முழுப் பகல் காரில். ம்பராரா வரை நல்ல சாலை. வழியெல்லாம் இரு கை விரித்த அகலத்துக்குக் கொம்புள்ள அங்கோலே மாடுகள். கபாலே தாண்டினால் மலை, வளைவு, செம்மண். மலைச்சரிவு முழுக்க உச்சிவரை பாத்தி பாத்தியாக உருளைக்கிழங்கு, அவரை, சோளம். திடீரென்று ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் வயல் முடிந்து காடு தொடங்கும். இடையில் வேலியோ தரிசோ கிடையாது. உழவுக்கும் கொரில்லாவுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே பெரிய காடு, சுற்றிலும் கிராமங்கள்.

காலை ஏழரைக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் ஆடிப் பாடி வரவேற்பார்கள். பிறகு விதிகளைச் சொல்வார்கள், எட்டு எட்டுப் பேராகப் பிரிப்பார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம். நமக்கு முன்பே விடியலில் தடம் பார்ப்பவர்கள் உள்ளே போயிருப்பார்கள். கொரில்லா ஒவ்வோர் இரவும் இலையை மடித்துப் புதுப் படுக்கை போடும். நேற்றைய படுக்கையிலிருந்து தொடங்கி, மிதித்த செடியையும் சாணத்தையும் பார்த்துக்கொண்டே போய், எங்கே இருக்கின்றன என்று வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். நாம் அந்த இடத்தை நோக்கி நேர்கோட்டில் போக வேண்டும். நேர்கோடு என்றால் உண்மையிலேயே நேர்கோடு. முன்னால் போகிறவர் அரிவாளால் கொடியை வெட்ட, பின்னால் நாம்.

கால் வைக்கும் இடம் தரை இல்லை என்பதுதான் முதலில் புரியாத விஷயம். கொடிகள் பின்னிப் பின்னி ஒரு மெத்தை போல் கிடக்கின்றன. அதன்மேல் நடக்கிறோம். கீழே ஒரு முழம் பள்ளமா ஓர் ஆள் பள்ளமா என்பது கால் உள்ளே போன பிறகுதான் தெரியும். என் இடது கால் தொடைவரை போனது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினால், நம் மலைகளில் செந்தட்டி என்கிறோமே, அதன் அண்ணன் போன்ற ஒன்று. தோட்ட வேலைக்கான தடித்த கையுறை கட்டாயம்.

போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பையைத் தூக்க மட்டுமல்ல. எனக்கு வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத பெண், ரப்பர் பூட்ஸ், தலையில் துணிக்கட்டு. என்னைவிட அரை அடி குட்டை. சரிவில் எனக்கு முன்னால் குறுக்காக நின்று, தன் பூட்ஸின் பக்கவாட்டைக் காட்டி, அதன்மேல் கால் வைக்கச் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில், எழுபத்தோரு கிலோ எடையோடு, நான் ஒரு பெண்ணின் காலையே படியாக மிதித்து இறங்கினேன். முதல் இரண்டு முறை கூச்சமாக இருந்தது. மூன்றாம் முறை இல்லை.

“அகாண்டி” என்றால் நலமா. “வெபாலே” என்றால் நன்றி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் பேசினோம்.

வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டால் தாகம் தெரியாது. அதையும் எடுத்துப்போங்கள்.

சிறுவாணி · 12.3.2025, இரவு 9.48

போர்ட்டர் கூலி எவ்வளவு என்று எழுத மறந்தேன். இருபது டாலர் கொடுத்தேன், மேலே பத்து. பேரம் பேசுபவர்கள் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.

சிறுவாணி · 15.3.2025, மதியம் 2.20

அந்த ஒரு மணி நேரம்.

முதலில் வந்தது வாசனை. மழையில் நனைந்த மாட்டுக்கொட்டகையும் வேலை செய்தவனின் வியர்வையும் கலந்தது. அப்புறம் ஒரு சத்தம். மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்த தாத்தா தொண்டையைச் செருமுவாரே, “ம்ம்ஹ்ம்ம்” என்று, அதே சத்தம். வழிகாட்டியும் அதேபோல் செருமினார். நாங்கள்தான் வந்திருக்கிறோம், வம்புக்கு வரவில்லை என்று அதற்கு அர்த்தமாம். வருடக்கணக்கில் தினமும் மனிதர்கள் போய் உட்கார்ந்து இந்த இரண்டு செருமலைச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு குடும்பத்தைப் பழக்குகிறார்கள். இரண்டு ஆண்டு, சில குடும்பங்களுக்கு அதற்கு மேலும் ஆகும்.

வெள்ளிமுதுகு, அதாவது குடும்பத் தலைவனான வளர்ந்த ஆண், எங்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம். எட்டுப் பேர், ஆளுக்குப் பல நூறு டாலர், எல்லாரும் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நீளமாகக் காற்று விட்டது. கூட இருந்த டச்சுக்காரர் முகக்கவசத்துக்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

நான் பார்த்ததில் மறக்காதது ஒரு கை. பெண் கொரில்லா ஒன்று ஒரு தண்டைப் பிடுங்கி, வாழைத்தண்டில் நார் எடுப்பதுபோல் பல்லால் மேல்தோலை உரித்து, உள்ளிருந்த வெள்ளைத் தண்டைக் கடித்தது. உரித்த தோலை ஒரு பக்கமாகவே போட்டது. விரல் நகம் கறுப்பு, வெட்டியதுபோல் குட்டை. கட்டைவிரல் மூட்டில் ஒரு பழைய தழும்பு. அந்தக் கையை நான் கேமரா வழியாகப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய இருபது நிமிடங்களைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். அந்தப் படங்களில் முக்கால்வாசி இலை.

கடைசியில் ஒரு குட்டி, இரண்டு மூன்று வயது இருக்கும், எங்களை நோக்கி வந்தது. பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நாம் நிற்கலாம், குட்டிக்கு அந்த விதி தெரியாது. வழிகாட்டி எங்களைப் பின்னுக்குத் தள்ளினார். பின்னால் புதர். குட்டி எனக்கு இரண்டு மீட்டரில் நின்று, கையைத் தூக்கி, மார்பில் இரண்டு தட்டுத் தட்டி, நிலைதடுமாறி விழுந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

சிறுவாணி · 16.3.2025, காலை 7.15

800 டாலர் கொள்ளை, மிருகக்காட்சிசாலையில் பார்த்துவிட்டுப் போகலாமே என்கிறார் ஒருவர். எந்தக் காட்சிசாலையில் பார்ப்பீர்கள்? மைசூரில் 2021இல் ஜெர்மனியிலிருந்து வந்த தாபோவும் டெம்பாவும் இருக்கின்றன. அழகான பிள்ளைகள், நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் அவை மேற்குச் சமவெளிக் கொரில்லா. மலைக் கொரில்லா உலகத்தில் எந்த மிருகக்காட்சிசாலையிலும் இல்லை. இருப்பதெல்லாம் இரண்டு துண்டுக் காடுகளில். ஒன்று புவிண்டி. இன்னொன்று உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். 2018இல் புவிண்டியில் எடுத்த கணக்கில் 459. விருங்காவில் 604. மொத்தம் 1,063. அவ்வளவுதான் மலைக் கொரில்லா. கோவையில் ஒரு கல்யாண மண்டபம் நிறைந்தால் அதைவிடக் கூட்டம் இருக்கும்.

அதே விருங்காவில் 1981இல் எண்ணியபோது 254தான் இருந்தன. காட்டில் வாழும் பெருங்குரங்கு ஒன்று எண்ணிக்கையில் ஏறியது இந்த ஒரு கதையில்தான். ஏறியதற்கு இந்தப் பெர்மிட் பணமும் காரணம்: காவலர் சம்பளம், தடம் பார்ப்பவர் சம்பளம், கண்ணி அகற்றும் வேலை, மருத்துவர்கள். ருவாண்டாவில் 2017இல் ஒரே நாளில் 750ஐ 1,500 ஆக்கினார்கள். அதற்குப் பார்த்தால் உகாண்டா மலிவு. நீங்கள் கொடுக்கும் 800இல் 20 சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது.

சிறுவாணி · 16.3.2025, மாலை 4.40

கடைசி வாக்கியம் தவறு. கம்பாலாவில் கணக்கராக இருக்கும் தம்பி போன் செய்து திருத்தினான். 20 சதவீதம் என்பது பூங்கா நுழைவுக் கட்டணத்தில், முழுப் பெர்மிட்டில் அல்ல. கொரில்லாப் பெர்மிட் ஒன்றுக்குத் தனியாகப் பத்து டாலர் கிராமங்களுக்கு. 160 டாலர் என்று நினைத்துப் பெருமையாக எழுதிவிட்டேன். உருளைக்கிழங்கு வயலில் கொரில்லா புகுந்தால் நஷ்டம் அந்த விவசாயிக்கு. அவருக்குப் போகும் பங்கு இவ்வளவுதான்.

கூடவே அவன் சொன்னது: நாம் நடந்தது மூன்றரை மணி நேரம் இல்லை அக்கா, என் கடிகாரத்தில் இரண்டு மணி ஐம்பது நிமிடம். இருக்கட்டும். அவனுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு மூன்றரைதான்.

சிறுவாணி · 19.3.2025, இரவு 11.55

குன்றேறி மறுபடி கேட்டிருக்கிறார்: “சளி விஷயம் பிறகு என்றீர்களே?”

பத்து நாளாக எறும்பு, உப்பு, கூலி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டியது இது.

எனக்குச் சளி இருந்தது.

கம்பாலாவில் தம்பி மகளுக்குப் பள்ளியில் பிடித்த சளி. இரண்டு இரவு என் பக்கத்தில்தான் படுத்தாள். ருஷாகாவில் விடியற்காலை எழுந்தபோது தொண்டையில் மணல். இரண்டு தும்மல். ஒரு செட்ரிசின், ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். ஏழரைக்கு வரிசையில் நின்றேன். அதிகாரி நிதானமாக, தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார்: யாருக்காவது காய்ச்சல், இருமல், சளி, வயிற்றுப்போக்கு இருக்கிறதா, இருந்தால் இப்போது சொல்லுங்கள். ஐந்து வினாடி காத்திருந்தார். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

12ஆம் தேதி எழுதிய ஏலக்காய் தாகத்துக்கு அல்ல, இருமல் வராமல் இருக்க. 15ஆம் தேதி எழுதிய “மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்” என்பதைப் பரவசம் என்று படித்துப் பத்துப் பேர் பாராட்டியிருக்கிறீர்கள். தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மீட்டரில் குட்டி.

அப்போது எனக்குத் தெரியாததில்லை. போவதற்கு முன்பே எல்லாம் படித்திருந்தேன். நமக்கு வரும் மூச்சுக்குழாய் நோய் பெரும்பாலும் அவற்றுக்கும் வரும், நமக்கு மூன்று நாள் மூக்கொழுகல், அவற்றுக்கு நிமோனியா. 2009இல் ருவாண்டா பக்கம் ஹிர்வா என்ற குடும்பத்தில், மனிதர்களிடம் சாதாரணமாகத் திரியும் மெட்டாநியூமோவைரஸ் புகுந்தது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சளி. வளர்ந்த பெண் ஒன்றும் பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்றும் செத்தன. அதைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

படித்தது ஒரு பக்கம். டிக்கெட், பெர்மிட், விசா, வண்டி, விடுதி எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல், நான்கு வருடச் சேமிப்பு, இன்னொரு பக்கம். ஐந்து வினாடி போதவில்லை.

சிறுவாணி · 20.3.2025, காலை 8.10

திட்டியவர்கள் திட்டியது சரி. பதில் இல்லை.

சமாதானம் சொன்னவர்களுக்குத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. “முகக்கவசம் போட்டிருந்தீர்களே, ஒன்றும் ஆகியிருக்காது.” மூன்று மணி நேரம் ஏறிய பிறகு, மழையில் நனைந்து, வியர்வையில் ஊறிய கவசம் ஈரத் துணி. மூச்சு வாங்கும்போது உதட்டில் ஒட்டும், மூக்குக்குக் கீழே இறங்கும், ஏற்றுவோம், இறங்கும். “அந்தக் குட்டிக்கு ஏதும் ஆனதா?” தெரியாது. நான் இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்குக் கபாலேயில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, விசாரிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

“எல்லாரும் அப்படித்தான்.” இதில் உண்மை இருக்கிறது, அதனால் எனக்கு ஆறுதல் இல்லை. பத்து மீட்டர் என்பது கோவிட்டுக்குப் பின் வந்தது, முன்பு ஏழு. புவிண்டியில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது சராசரி மூன்று மீட்டருக்கும் குறைவாக இருந்தது. பாதி நேரம் குட்டி வருகிறது; மீதிப் பாதி நாம் போகிறோம்.

சிறுவாணி · 20.3.2025, காலை 8.25

இன்னொன்று. இது சுற்றுலாப் பயணிகளின் மூக்கு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 1996இல் புவிண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சிரங்கு வந்தது. முடி கொட்டி, தோல் வெள்ளையாகி, சொறிந்து சொறிந்து ஒரு குட்டி இறந்தது. உகாண்டாவின் முதல் வன கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா போய் மற்றவற்றுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். காட்டோரத்து வயல்களில் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிய பழந்துணியிலிருந்து வந்திருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. கொரில்லாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமானால் முதலில் அந்தப் பொம்மைக்குச் சட்டை கொடுத்த வீட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கிராமங்களுக்கான சுகாதார அமைப்பே தொடங்கிவிட்டார். நான் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை அளவுக்குக்கூட யோக்கியமாக நிற்கவில்லை. அது இடத்தை விட்டு நகரவில்லை.

சிறுவாணி · 23.3.2025, மாலை 6.30

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: சைவம் பிரச்சினையே இல்லை. மடோகே, அதாவது வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே நிலக்கடலைக் குழம்பு. உப்பு கம்மி. (என் அரைக் கிலோ நினைவுக்கு வந்தது.) தெருவில் ரோலெக்ஸ் விற்பார்கள். கடிகாரம் இல்லை, முட்டைப் பொரியலைச் சப்பாத்தியில் சுருட்டியது. சப்பாத்தி நம்மவர்கள் கொண்டுபோனது. 1972இல் அதிபர் இடி அமீன் நம்மவர்களை விரட்டினார், சப்பாத்தியை விரட்ட முடியவில்லை. தெருவில் நம்மைப் பார்த்தால் “முஹிந்தி” என்று கூப்பிடுவார்கள். கோபப்பட வேண்டாம், இந்தியர் என்று அர்த்தம். “நான் இந்திக்காரி இல்லை, தமிழ்” என்று விளக்க முயன்று தம்பியிடம் திட்டு வாங்கினேன்.

நடைக்கு மறுநாள் ஒரு ட்வா முதியவர் காட்டோரத்தில் எங்களை அழைத்துப்போய் மூலிகை காட்டினார். அந்தக் காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். 1991இல் தேசியப் பூங்கா ஆனபோது வெளியேற்றப்பட்டார்கள், கையில் நிலம்கூட இல்லாமல். 2021இல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்று சொன்னது. அவர் இரண்டு குச்சியைத் தேய்த்து எங்களுக்காக நெருப்பு உண்டாக்கிக் காட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பீடி போன்ற ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம், அவரும்தான். விடுதிக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் வந்துவிடும் என்று அவர் காட்டுக்குள் வரக்கூடாது. நான் சளியோடு போய்வரலாம், பணம் கட்டினால்.

சிறுவாணி · 23.3.2025, இரவு 7.05

மேலே கடைசிக்கு முந்தைய வரி துல்லியமில்லை. அவர்களை வெளியேற்றியது நோய்க்குப் பயந்து அல்ல, காட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்ததால். வேகத்தில் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

சிறுவாணி · 30.3.2025, மதியம் 12.10

தம்பி இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டான். மனைவி காட்டினாளாம். இப்படி எழுதியிருக்கிறான், அனுமதியோடு போடுகிறேன்:

“அக்கா, நீ மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்கவே இல்லை. உன் தும்மல் சத்தம் கேட்டு நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், தண்ணீரும் நான்தான் ஊற்றினேன். பாப்பாவுக்குச் சளி என்று தெரிந்தும் உன்னை அவள் அறையில் படுக்கவைத்தது நான். அவர் கேட்டபோது நீ லேஸைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். குடியிருப்பு அனுமதி இருந்ததால் எனக்கு 700தான், ஆனால் உன் 800ஐ நினைத்துத்தான் நான் பேசவில்லை. ஆகவே ஒருமையில் எழுதாதே.”

நான் பதினைந்து வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறேன். இன்னும் என்னைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.

சிறுவாணி · 2.4.2025, இரவு 10.20

குன்றேறி, உங்கள் கேள்விக்கு நேர் பதில். லேசான மூக்கொழுகல் என்றாலும் விடக்கூடாது. விடுவார்களா என்றால், நீங்கள் சொல்லாதவரை விடுவார்கள். அவர்களிடம் இருப்பது உங்கள் வாய்தான்.

அதனால் முடிவை அந்த ஐந்து வினாடிக்கு விட்டுவைக்காதீர்கள். எனக்குப் புத்தி வந்த வரிசையில் எழுதுகிறேன். உடம்பு சரியில்லாமல் போய்ப் பின்வாங்கினால் பணம் என்ன ஆகும், வேறு தேதி தருவார்களா என்பதை பெர்மிட் வாங்கிக் கொடுத்தவரிடம் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொகை எவ்வளவு நஷ்டம் என்று முன்பே தெரிந்தால் மனம் அதற்குப் பழகிவிடும். முடிந்தால் ருஷாகாவில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நடைக்கு ஒரு வாரம் முன்பிருந்து குழந்தைகளோடும் குளிர்சாதனப் பஸ்ஸோடும் உறவு வேண்டாம். விமானத்தில் கவசம். தொண்டை கரகரத்தால் முந்தைய இரவே விடுதிக்காரரிடம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் காலையில் லேஸ் கட்ட முடியாது.

நல்ல உடம்போடு போனால்: கவசம் நான்கு, ஜிப் பையில் ஈரம் படாமல். மலை ஏறும்போது ஒன்று. கொரில்லாவுக்கு நூறு மீட்டர் முன்னால் கைத்தடியையும் பையையும் வைக்கச் சொல்வார்கள், அங்கே புதிதாக ஒன்றை மாற்றுங்கள். கேமராவைப் பதினைந்து நிமிடத்தில் உள்ளே வையுங்கள். குட்டி வந்தால் புதருக்குள் போங்கள், செந்தட்டி இருந்தாலும்.

கையுறை கோவை நர்சரிகளில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், ஈரமானால் சுருங்கும். போர்ட்டர் பெண்ணிடம் “அகாண்டி” சொல்லுங்கள்.

உப்பு வேண்டாம்.